கல்லும் ஓடமும்: கட்டடக்கலைஞர் லூயி கானின் வாழ்வு குறித்து

ஒரு பெருங்கட்டடத்தை எடுத்தவர் யார் என்று வினவினால், வரலாறு பெரும்பாலும் ஒரு பெயரையே விடையாகத் தருகின்றது. தஞ்சைப் பெருங்கோயில் என்றால் இராசராசன். தாஜ்மகால் என்றால் ஷாஜகான். மன்னராட்சி மறைந்து, கட்டடக்கலைஞர் என்னும் தொழில்வல்லுநர் தோன்றிய பின்னரும் இவ்வழக்கம் பெரிதும் மாறவில்லை. மன்னனின் பெயர் இருந்த இடத்திற் கலைஞரின் பெயர் வந்து அமர்ந்தது. கல்லும் மண்ணும் சுமந்தோர், கணக்கிட்டோர், வரைபடம் தீட்டியோர், கலைஞர் வீடு திரும்பாத இரவுகளில் அவர்தம் பிள்ளைகளை வளர்த்தோர் ஆகிய அனைவரும் அப்பெயரின் நிழலில் மறைந்துபோகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கட்டடக்கலைஞருள் ஒருவராகப் போற்றப்படும் லூயி கானின் வாழ்வை இந்நோக்கில் ஆராய்வது பயனுடையது. இரு காரணங்களால் அவர் நம் கவனத்துக்கு உரியவராகின்றார். முதலாவது, ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த அவருடைய மிகப் பெரிய படைப்பு நம் அயலிலே, வங்காளதேசத் தலைநகர் டாக்காவில், நீரின் நடுவே நிற்கின்றது. இரண்டாவது, அவருடைய சொந்த வாழ்வும் அவர் படைத்த கட்டடங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. அசையாத, காலத்தை வென்று நிற்கும் கட்டடங்களை எழுப்ப விரும்பிய அவர், தாம் எவ்விடத்தும் நிலைத்திராத ஒரு பயணியாகவே வாழ்ந்தார். கல்லையும் கொங்கிரீற்றையும் போற்றிய அவர் உள்ளத்தில் ஓடங்களுக்கும் ஓர் இடம் இருந்தது.

கான் 1901 ஆம் ஆண்டில், அன்று ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்த எஸ்தோனியாவில், ஓர் ஏழை யூதக் குடும்பத்திற் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோது நெருப்புத் தணலின் அழகில் மயங்கி அதனை அள்ளியெடுத்தார் என்றும், அதனால் முகமும் கைகளும் வெந்தன என்றும் கூறுவர். அத்தழும்பு அவர் முகத்தில் இறுதிவரை இருந்தது. வறுமையினின்று மீள வழிதேடித் தந்தை முன்னரே அமெரிக்கா சென்றிருந்தார். 1906 இல் தாய் பிள்ளைகளுடன் கடல் கடந்து பிலடெல்பியா நகரை அடைந்தார். பஞ்சத்துக்கும் இனவெறுப்புக்கும் அஞ்சி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய பல இலட்சம் ஏழை மக்களுள் இக்குடும்பமும் ஒன்று. பின்னாளில் உலகம் அறிந்த 'கான்' என்னும் பெயர்கூடப் பிறப்பில் வாய்த்ததன்று; புதிய நாட்டில் குடும்பம் புனைந்துகொண்ட பெயர் அது.

பிலடெல்பியாவில் அக்குடும்பம் வீடுவிட்டு வீடு மாறி வாழ்ந்தது. வரைவதிலும் இசையிலும் சிறந்து விளங்கிய சிறுவன், மௌனப்படக் கொட்டகைகளிற் பியானோ வாசித்துப் பணம் ஈட்டினான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்று 1924 இற் பட்டம் பெற்றார் கான். 1928 இலும் 1929 இலும் ஐரோப்பா சென்று பழங்கட்டடங்களைக் கண்டு, சித்திரங்கள் பல தீட்டி மீண்டார். அவர் மீண்ட சிறிது காலத்திலேயே முதலாளித்துவ உலகைப் பெரும் பொருளாதார நெருக்கடி கவ்விக்கொண்டது.

கட்டடம் எழுப்பப் பணமில்லாத நாட்டிற் கட்டடக்கலைஞருக்கு வேலை ஏது? 1932 இற் கானும் வேலையிழந்த இளங் கட்டடக்கலைஞர் சிலரும் ஓர் ஆய்வுக்குழுவாகக் கூடினர். உழைக்கும் மக்களுக்கு நல்ல வீடுகள் எவ்வாறு அமைக்கலாம் என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். இதே காலத்தில் நியூ ஜேர்சி மாநிலத்தில், யூதத் தையற் தொழிலாளர்க்கெனக் கூட்டுறவு அடிப்படையில் அரசு அமைத்த குடியிருப்பொன்றில் அவர் பணியாற்றினார். போர்க்காலத்தில், இரும்பாலையில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்க்கெனப் பென்சில்வேனியாவிற் 'காவர் கோர்ட்' என்னும் 100 வீடுகள் கொண்ட குடியிருப்பை ஒஸ்கார் ஸ்ரொனொரோவுடன் இணைந்து வடிவமைத்தார். நகரத் திட்டம் என்பது அதிகாரிகளின் தனியுரிமையன்று, குடிமக்கள் ஒவ்வொருவரின் பொறுப்புமாகும் என்று விளக்கும் சிறு நூல்களை அவ்விருவரும் 1943 இலும் 1944 இலும் வெளியிட்டனர்.

கானைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விளமைப் பருவத்தை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். பிற்காலப் பெருங்கட்டடங்களின் ஒளியில் தொழிலாளர் வீடுகள் அவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் பொதுமக்கள் கூடும் இடத்தின் மேன்மை பற்றிப் பின்னாளில் அவர் கொண்ட கருத்துக்களுக்கு வேர் இப்பருவத்திலேயே உண்டு என்பது எமது துணிபு.

இக்காலத்தில் குடும்பம் எவ்வாறு நடந்தது என்ற வினாவும் எழுகின்றது. 1930 இற் கான் எஸ்தரை மணந்தார். வேலையற்றிருந்த ஆண்டுகளிற் குடும்பத்தைத் தாங்கியது மருத்துவ ஆராய்ச்சி உதவியாளராகப் பணியாற்றிய எஸ்தரின் சம்பளமே. இருவரும் நெடுங்காலம் எஸ்தரின் பெற்றோர் வீட்டிலேயே வாழ்ந்தனர். 1940 இல் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். கலைஞர் தம் கனவை வளர்ப்பதற்கு வேண்டிய சோற்றையும் ஓய்வையும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் வழங்கிற்று. கலை வரலாறுகளில் இத்தகைய கணக்குகள் எழுதப்படுவதில்லை.

போர் முடிந்த ஆண்டாகிய 1945 இல் கானின் அலுவலகத்தில் ஆன் டிங் என்னும் இளம்பெண் வேலைக்குச் சேர்ந்தார். சீனாவில் அமெரிக்க மிஷனரிமாரின் மகளாக 1920 இற் பிறந்த இவர், ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை கற்றுப் பட்டம் பெற்ற முதற்பெண்களுள் ஒருவர். 1949 இற் பென்சில்வேனியாவில் கட்டடக்கலைஞர்க்கான உரிமத் தேர்வுக்கு அவர் தோற்றியபோது, அங்கு வேறு பெண் எவரும் இருக்கவில்லை. மேற்பார்வையாளருள் ஒருவர் அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். அக்காலத்து முன்னேறிய நாடெனப்பட்ட ஒன்றிலும் பெண்ணறிவு பெற்ற மதிப்பு இதுவே.

வடிவ கணிதத்தில் ஆன் டிங்குக்கு அளவிறந்த ஈடுபாடு. முக்கோணங்களும் நான்முகிகளும் ஒன்றையொன்று தாங்கி ஒரு பெருங் கூரையை எவ்வாறு நிறுத்தவல்லன என்பதை அவர் தொடர்ந்து ஆராய்ந்து வந்தார். தம் பெற்றோருக்கென மேரிலாந்தில் அவர் அமைத்த வீட்டின் கூரை இவ்வாராய்ச்சியின் பயன். கானுக்குப் பெரும்புகழை முதன்முதலில் ஈட்டித் தந்த யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் 1953 இல் நிறைவெய்திற்று. அப்போது அவருக்கு வயது 50 ஐக் கடந்திருந்தது. அக்கலைக்கூடத்தின் சிறப்பு, நான்முகிகளாக அமைந்த அதன் கொங்கிரீற்று உட்கூரை. 1955 இல் திரென்ரன் நகரில் எழுந்த சிறிய நீராடு மண்டபத்தின் நாற்கூம்புக் கூரைகளிலும் டிங்கின் பங்கு பெரிது. தாம் யார் என்பதைத் தாமே கண்டுகொண்டது அம்மண்டபத்தை அமைத்த பின்னரே என்று கான் கூறியதுண்டு. அங்ஙனம் அவர் தம்மைக் கண்டுகொள்ளுமாறு உதவியவரின் பெயரைச் சொல்வதில் அவர் அத்துணை விரைவு காட்டினாரல்லர். அவ்விருவரும் சேர்ந்து வகுத்த வான்கோபுரத் திட்டமொன்று 1960 இல் நியூயோர்க்கில் நடந்த பெருங் கண்காட்சியொன்றில் இடம்பெற்றபோது, தம் பெயரும் சேர்க்கப்படல் வேண்டுமென டிங்கே கேட்டுப்பெற வேண்டியிருந்தது.

பணித்தோழமை காதலாகவும் மலர்ந்திருந்தது. 1953 இல் தாம் கருவுற்றதை அறிந்த டிங், ஊராரின் பழிச்சொல்லுக்கு இடமளியாது ரோம் நகருக்குச் சென்றார். 1954 இல் அங்கே ஒரு மகளைப் பெற்றெடுத்தார். அக்காலத்திற் கான் அவருக்கு எழுதிய கடிதங்கள் பல. அவற்றை டிங் 1997 இல் நூலாக வெளியிட்டார். காதலின் பயனாகப் பிறந்த குழந்தைக்காக நாடு கடந்து மறைந்து வாழும் கடன் பெண்ணுக்கு வாய்த்தது. ஆணோ தம் அலுவலகத்திற் புகழின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். நாடு திரும்பிய டிங் அறுபதுகளின் நடுப்பகுதிவரை அவ்வலுவலகத்தில் உழைத்து, பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் ஆசிரியப்பணி புரிந்து, 2011 இற் காலமானார்.

இதன் பின்னர் கானின் வாழ்விற் சேர்ந்தவர் ஹரியெற் பற்றிசன். 1962 இல் அவர்களுக்கு நதானியேல் என்னும் மகன் பிறந்தான். தனியாக நின்று மகனை வளர்த்துக்கொண்டே பற்றிசன் நிலத்தோற்றக்கலை பயின்று 1967 இற் பட்டம் பெற்றார். ரெக்சஸ் மாநிலத்தில் 1972 இல் திறக்கப்பட்ட கிம்பெல் கலைக்கூடத்தின் மரநிழற் சூழலை வகுத்ததில் அவர் பங்குகொண்டார். நியூயோர்க் நகரின் கிழக்காற்றிலே, தீவின் முனையில் கப்பலின் முகப்புப் போல் அமைந்துள்ள ரூஸ்வெல்ற் நினைவுப் பூங்காவின் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. கான் இறந்து 38 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2012 இலேயே அது நிறைவேறிற்று. 2020 இல் தம் நினைவுகளை நூலாக எழுதி வெளியிட்ட பற்றிசன் 2023 இல் மறைந்தார்.

ஆக, ஒரே நகரில் மூன்று இல்லங்கள், மூன்று தாயர், மூன்று பிள்ளைகள். வாசகர் சிலர் இவையெல்லாம் ஒருவரது அந்தரங்கம், வரலாற்றுக்கு இவற்றால் ஆவதென்ன என்று வினவலாம். அண்டை வீட்டாரின் கதை பேசும் ஆவலினால் நாம் இதனை இங்கு எடுத்துரைக்கவில்லை. அம்மூன்று பெண்களும் தத்தம் துறையிற் கல்வியும் ஆற்றலும் மிக்கவர். அவர்களுள் ஒருவர் தம் ஊதியத்தாலும் இருவர் தம் அறிவாலும் கானின் கலைக்கு உரமிட்டனர். உழைப்பும் அன்பும் அவர்களிடமிருந்து சென்றன. புகழ் ஒருவரிடமே தங்கிற்று. இது ஒரு மனிதரின் குணக்கேட்டினால் மட்டும் விளைந்ததன்று. மேதை என்பவர் தனித்து நிற்பவர், அவருக்கு எதுவும் தகும் என்று நம்பிய ஒரு சமுதாயம் இதற்கு இடமளித்தது. வீட்டுழைப்பை உழைப்பென எண்ணாத சமுதாயமும் அதுவே.

இனி ஓடங்களின் கதைக்கு வருவோம். நதானியேலின் வீட்டுக்குத் தந்தை வருவது வாரத்தில் ஓர் இரவு, சிலவேளை அதுவுமில்லை. வந்த நேரங்களில் தந்தையும் மகனும் சேர்ந்து விசித்திரமான படகுகளைக் கற்பனை செய்வர். அப்படகுகளைக் கொண்ட ஒரு சிறு சித்திரப் புத்தகம் அங்ஙனம் உருவாயிற்று. உலகெங்கும் அழைக்கப்பட்ட ஒரு கலைஞரிடமிருந்து அச்சிறுவன் தனக்கெனப் பெற்ற சொத்து அதுவே என்று கூறினும் மிகையன்று. வந்து அணைந்து, சிறிது பொழுது தங்கி, மீண்டும் பெயர்ந்துவிடும் தந்தையைப் பற்றிப் படகுகள் அல்லாமல் வேறெந்தச் சித்திரம் பொருத்தமாகச் சொல்லும்?

அவருடைய படகு விருப்பு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. றொபேட் பூட்ரோ என்னும் இசைஞர் 1957 இற் பிற்ஸ்பேக் நகரில் ஒரு காற்றிசைக் குழுவை நிறுவியிருந்தார். இசையரங்குகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்ல இயலாத மக்களிடம் இசையே ஆற்றுவழியாகச் செல்லவேண்டும் என்பது அவர் எண்ணம். 1961 இல் இக்குழு இங்கிலாந்துக்குச் சென்றபோது, தேம்ஸ் நதியில் மிதந்து செல்லத்தக்க ஒரு மேடையைக் கான் வடிவமைத்தார். பின்னர் அதனினும் பெரிய ஒரு கலத்துக்கு வடிவந் தந்தார். 195 அடி நீளங் கொண்ட அக்கலத்தின் பக்கங்களிற் பெரிய வட்டத் துளைகள் உள்ளன. கரையை அடைந்ததும் அதன் நடுக்கூரை மேலெழும்பும். அதுவே மேடையின் விதானமாகும். மக்கள் ஆற்றங்கரையில் அமர்ந்து இசை கேட்பர். 'பொயின்ற் கவுண்டர்பொயின்ற் II' என்று பெயர் பெற்ற அக்கலம் நீரில் இறங்கியது 1976 இல். அதனைக் காணக் கான் உயிருடன் இல்லை.

ஆற்றோரத் தொழில் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அது பல்லாண்டுகள் சென்றது. கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. 2017 இல் பூட்ரோ ஓய்வுபெற எண்ணியவேளை, அதனைப் பழைய இரும்பாக உடைத்துவிடும் நிலை ஏற்பட்டது. புகழ்பெற்ற செலோ இசைஞர் யோ-யோ மா அதனைக் காப்பாற்றவேண்டிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். செல்வர் கூடும் அரங்கொன்றைக் காப்பதற்குப் பணம் எளிதிற் சேர்கின்றது. பொதுமக்களைத் தேடிச்சென்ற ஒரு கலத்தைக் காப்பதற்கோ கடிதம் எழுதி இரக்க வேண்டியுள்ளது.

அக்கலத்திற் கண்ட பெருவட்டங்களை நாம் வேறோரிடத்திற் பன்மடங்கு பெரிதாகக் காண்கின்றோம். அது வங்காளம். கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் கலந்து கடலிற் கலக்கும் அந்நாட்டில், மழைக்காலத்திற் பெருநிலப்பரப்பு நீருள் அமிழ்ந்துவிடும். உழவருக்கு ஏரைப் போன்றே தோணியும் வாழ்க்கைக் கருவி. நீரினும் நிலத்தினும் ஒருங்கே வாழும் இம்மக்களின் நடுவே ஒரு சட்டமன்றம் கட்டும் பணி 1962 இற் கானிடம் வந்தது.

அப்பணி வந்த வழியை அரசியல் நோக்கோடு காணவேண்டும். அன்று அது கிழக்குப் பாக்கிஸ்தான். ஆட்சி அயூப்கான் என்னும் இராணுவத் தலைவரின் கையில் இருந்தது. கிழக்கின் சணல் ஈட்டிய அந்நியச் செலாவணி மேற்கின் தொழில் வளர்ச்சிக்குச் சென்றது. தாய்மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்மீது 1952 இல் துப்பாக்கிச் சூடு நடந்த நிலம் அது. மக்களின் மனக்குறையைத் தணிக்கும் பொருட்டு, டாக்காவை இரண்டாந் தலைநகராக்கி அங்கு ஒரு சட்டமன்றக் கட்டடம் எழுப்புவதாக அரசு அறிவித்தது. அதிகாரத்தைப் பகிராமல் அதற்கொரு மாளிகையை மட்டும் வழங்கும் உபாயம் ஆள்வோர்க்குப் புதிதன்று.

இப்பணியை ஏற்குமாறு முதலில் அணுகப்பட்டவர் மஸ்ஹருல் இஸ்லாம் என்னும் வங்கக் கட்டடக்கலைஞர். டாக்காவின் நுண்கலைக் கல்லூரிக் கட்டடத்தை அமைத்தவர். இடதுசாரி எண்ணம் உடையவர். தம் நாட்டு மாணவரும் இளங்கலைஞரும் கண்டு கற்கத்தக்க ஒரு பெருங்கட்டடம் அங்கு எழவேண்டும் என்று கருதி, உலகப் புகழ்பெற்ற ஒருவரை அழைக்குமாறு அவர் ஆலோசனை கூறினார். தம் பெயர் பொறிக்கப்படக்கூடிய வாய்ப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த இச்செயல், கட்டடக்கலை வரலாற்றில் அரிதாகவே காணப்படுவது. கானின் டாக்காவைப் பற்றிப் பேசும்போது மஸ்ஹருல் இஸ்லாமின் பெயரையும் சேர்த்துப் பேசுவது நம் கடமை.

கான் வகுத்த திட்டத்தில் சட்டமன்றம் ஒரு செயற்கை ஏரியின் நடுவே எழுகின்றது. வெள்ளம் சூழும் நாட்டில் மண்ணை வெட்டிக் குளமாக்கி, அம்மண்ணை மேடாக்கி அதன்மீது குடியிருப்பது வங்க உழவரின் பழைய வழக்கம். அந்த அறிவை அமெரிக்கக் கலைஞர் தம் பெருங்கட்டடத்திற் பயன்படுத்திக்கொண்டார். நடுவே எண்கோண மன்றம் 155 அடி உயரம். அதனைச் சூழ்ந்த எட்டுப் பகுதிகள் 110 அடி உயரம். வெளிச்சுவர்களில் பெரிய வட்டங்களும் முக்கோணங்களும் வெட்டப்பட்டுள்ளன. கொடிய வெயிலையும் மழையையும் தடுத்து, ஒளியை மட்டும் உள்ளே வடித்துத் தருவன அவை. முக்கோணங்களைக் காண்போர் ஆன் டிங்கை நினைவுகூர்தல் தகும்.

இக்கட்டடத்தை எழுப்பிய கைகளைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். 1964 இல் வேலை தொடங்கியபோது அங்கு பெரும் இயந்திரங்கள் இல்லை. மூங்கிற் சாரம் கட்டி, அதன் சரிவுப் பாதைகளில் ஏறி, கூடைகளிற் சுமந்து கொங்கிரீற்றைக் கொட்டியவர்கள் வங்கத்து ஏழைத் தொழிலாளர்கள். ஒரு தடவையில் 5 அடி உயரமே சுவரை எழுப்ப இயன்றது. ஒரு தடவை கொட்டியதற்கும் அடுத்ததற்கும் இடையே சீரற்ற பொருத்து விழுந்தது. அதனை மறைக்கவும் மழைநீரைத் தடுக்கவும் ஒவ்வோர் 5 அடிக்கும் ஒரு வெண்சலவைக்கற் பட்டியைக் கான் பதித்தார். இன்று அச்சாம்பற் சுவர்களுக்கு அழகூட்டுவன அவ்வெண்கோடுகளே. தொலைவில் நின்று காண்பவர் அவற்றை அலங்காரம் என்பர். மனித தேகம் சுமந்து ஏறவல்ல அளவைக் காட்டும் கணக்குக் கோடுகள் அவை என்று நாம் வாசிக்கின்றோம். சுமந்தவரின் பெயர் எச்சுவரிலும் இல்லை. எனினும் அவர் உழைப்பின் அளவு எல்லாச் சுவரிலும் எழுதப்பட்டுள்ளது.

1971 இல் விடுதலைப்போர் மூண்டது, வேலை நின்றது. குறையாக நின்ற அக்கட்டடத்தை விமானிகள் பழைய இடிபாடென்று எண்ணிக் குண்டு வீசாது விட்டனர் என்றொரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. இராணுவ ஆட்சியாளர் தம் பெருமைக்கெனத் தொடங்கியது, அவ்வாட்சியைத் தூக்கியெறிந்த மக்களின் உடைமையாயிற்று. அயூப்கானின் பெயர் தாங்கிய அந்நகர்ப்பகுதி, வங்கத் தலைவர் பஸ்லுல் ஹக்கை நினைவுகூரும் ஷேர்-இ-பங்ளா நகர் எனப் பெயர் மாறிற்று. புதிய நாட்டின் அரசு அதே வரைபடத்தைக் கொண்டு வேலையைத் தொடருமாறு கானைக் கேட்டுக்கொண்டது.

அவர் அதன் நிறைவைக் காணவில்லை. 1974 மார்ச் 17 ஆம் நாள், அகமதாபாத்தில் இந்திய முகாமைத்துவக் கல்லூரியின் வேலையைப் பார்வையிட்டு நாடு திரும்பிய கான், நியூயோர்க் பென்சில்வேனியாப் புகையிரத நிலையத்தின் கழிப்பறையில் மாரடைப்பால் உயிர்நீத்தார். இரு நாள்கள் அவர் உடலைத் தேடி எவரும் வரவில்லை. குடும்பத்தாருக்குச் செய்தி எட்டவில்லை. அவர் அலுவலகத்தின் கடன் ஏறத்தாழ 5 இலட்சம் டொலர். அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர் என்று பத்திரிகை அறிவித்தது. ஏனைய இரு பிள்ளைகளும் அவர்தம் தாயரும் அவ்விரங்கற் குறிப்பில் இல்லை.

முற்றுப்பெறாத டாக்கா வேலையை முடித்தவர்கள் அவருடன் உழைத்தவர்களே. டேவிட் விஸ்டம் தலைமையிலான குழு அப்பணியை ஏற்றது. அதிலே முதன்மையாக நின்றவர் ஹென்றி வில்கொற்ஸ் என்னும் கறுப்பினக் கட்டடக்கலைஞர். அறுபதுகளிலிருந்து டாக்காவுக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே அலைந்து அக்கட்டடத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் அறிந்திருந்தவர் அவர். கறுப்பினத் தொழிலாளர்க்கு வீடமைத்த ஒருவரின் இறுதிப் பெரும்பணியைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் முன்னின்று நிறைவேற்றினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1982 பெப்ரவரி 15 ஆம் நாள் அம்மண்டபத்தில் முதன்முதலாக நாடாளுமன்றம் கூடிற்று. அடுத்த மாதமே, மார்ச் 24 இல், இராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் நாட்டிலும், தியவன்னா வாவியின் நடுவே, ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. அதுவும் நீர் சூழ்ந்தது, அதுவும் அழகியது. மறு ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அங்கு நிறைவேறிய ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழ்ப் பிரதிநிதிகள் தம் ஆசனங்களை இழந்தனர். ஜனநாயகத்துக்கு மண்டபம் அமைத்துத் தரக் கட்டடக்கலைஞரால் இயலும். அம்மண்டபத்துள் யார் அமர்வர், யார் வெளியேற்றப்படுவர் என்பதை வகுக்கும் ஆற்றல் அவரிடம் இல்லை. அது மக்களின் போராட்டத்தால் முடிவு செய்யப்படுவது. 2024 ஓகஸ்ற் 5 இல் டாக்காவில் மாணவர் எழுச்சியால் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியபோது, அம்மண்டபத்தினுள்ளே சாதாரண மக்கள் திரள்திரளாக நுழைந்ததை உலகம் கண்டது. அவ்வெழுச்சியின் பின்விளைவுகளைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் அன்று அச்சலவைக்கற் கோடுகளின் கீழ் நின்றவருட் பலர், அவற்றைச் சுமந்து பதித்தவர்களின் பேரப்பிள்ளைகளின் வயதினர்.

வறிய நாட்டுக்கு 3 கோடிக்கும் அதிகமான டொலர் செலவில் இத்தகைய மாளிகை தகுமா என்று முற்போக்காளர் பலர் வினவியதுண்டு. நேர்மையான வினா அது. பசித்தவனுக்குக் கட்டடத்தை உண்ணக் கொடுக்க இயலாது. ஆயினும், ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, பெருமிதமும் அழகும் செல்வருக்கே உரியன என்னும் எண்ணத்தையும் நாம் ஏற்கமாட்டோம். வங்கத்துக் கட்டடக்கலைஞர் ஷம்சுல் வாரிஸ், உலகின் மிக வறிய நாடொன்றுக்குக் கான் தம் மிகப் பெரிய படைப்பை வழங்கினார் என்றும், பலரை நேசித்த ஒருவர் தம் அருகிலிருந்தோரைச் சரிவரக் காணத் தவறியிருக்கலாம் என்றும் கண்ணீருடன் கூறினார். கூறிய இடம், கானின் மகன் நதானியேல் எடுத்து 2003 இல் வெளிவந்த விவரணப்படம். தந்தையை இழந்தபோது 11 வயதினனாயிருந்த அம்மகன், அவர் கட்டடங்களையும், அவருடன் உழைத்தோரையும், தன் இரு தமக்கையரையும் தேடிச் சென்றதே அப்படத்தின் பொருள். அங்கே எஸ்தர், டிங், பற்றிசன் ஆகியோரின் பெயர்கள் ஒரே கதையில் ஒன்றுசேர்கின்றன. பத்திரிகைக் குறிப்பு விட்ட பிழையை ஒரு பிள்ளையின் அன்பு திருத்திற்று.

வாரிஸின் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மனிதகுலத்தை நேசித்தவர் தம் மனிதரை மறந்தால் அதனை மன்னித்துவிடலாம் என்று நாம் எளிதிற் கொண்டுவிடக் கூடாது. அவர்கள் மறக்கப்படவேண்டியவர் என்று எச்சட்டமும் இல்லை. அதேவேளை, குடும்பத்திற் குறைபட்டவர் என்பதனால் கானின் கலையைத் தள்ளிவிடுவதும் அறிவுடைமையாகாது. கலைஞரை வழிபடுவதும் தூற்றுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இரண்டிலும் ஒருவர் மட்டுமே தெரிகின்றார். நாம் வேண்டுவது முழுக் கணக்கு. அக்கணக்கில் எஸ்தரின் சம்பளமும், டிங்கின் வடிவ கணிதமும், பற்றிசனின் மரநிழலும், மஸ்ஹருல் இஸ்லாமின் பெருந்தன்மையும், வில்கொற்ஸின் பொறுமையும், பெயரறியாத் தொழிலாளரின் கூடைகளும் இடம்பெற வேண்டும். கானின் பெயருக்கு அதனால் இழுக்கில்லை. அவர் எத்தகையோரின் நடுவே நின்று பணிபுரிந்தார் என்பது தெளிவாகும்.

எந்த ஓடமும் ஒருவரால் மட்டும் செல்வதன்று. மரம் தறித்தவர், பலகை அறுத்தவர், கீல் பூசியவர், துடுப்பு வலித்தவர் எனப் பலர் சேர்ந்தே அது கரை சேர்கின்றது. நம் கடலோர மக்களுக்கு இது நன்கு தெரியும். நம் பாடசாலைகளில் ஒரு கோயிலையோ குளத்தையோ மண்டபத்தையோ பற்றிக் கற்பிக்கும் வேளைகளில், இதனைக் கட்டியவர் யார் என்ற வினாவோடு மேலும் சில வினாக்களைக் கேட்க நம் மாணவரைப் பழக்குவோமாக. இதற்கு மண் சுமந்தவர் யார்? வரைந்தவர் யார்? அவர்களுக்குச் சோறு பொங்கியவர் யார்? கட்டி முடிந்த பின் அதனுள்ளே நுழைய எவருக்கு உரிமை இருந்தது? இவ்வினாக்களுக்கு எப்போதும் விடை கிடைக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் இவற்றைக் கேட்கத் தொடங்கும் மாணவர் வரலாற்றைப் புதிதாகக் கற்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.